படிக்கக் கேட்டுக் கையெழுத்து

சிங்காநல்லூரில் மில் ஃபிட்டராக இருந்த சீனிவாசலுவுக்கு நான்கு பெண்கள். மூன்றாமவள் வெங்கடலட்சுமிக்கு ஆறு வயதில் பெரியம்மை கண்டது. உயிர் தங்கியது, பார்வை தங்கவில்லை. முகத்தில் தழும்பு அதிகம் விழவில்லை என்று உறவுப் பெண்கள் ஆறுதல் சொன்னபோது, "அது எனக்கா தெரியப் போகுது?" என்று அந்த வயதிலேயே கேட்டவள் அவள்.

சீனிவாசலு சாதுவான மனிதர். மில்லில் இருக்கும் மெஷின்களைத் தவிர வேறெதனோடும் மல்லுக்கு நிற்காதவர். மகளை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச காலம் வீட்டோடு வைத்திருந்தார். பிறகு மில்லில் யாரோ சொல்லக் கேட்டு, தெற்கே பார்வையற்றோருக்கான ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அவள் விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் எழுத்தைக் கற்றாள். ஆங்கிலம் கற்றாள். டைப்ரைட்டரில் விரல் ஓட்டக் கற்றாள். கடைசி வருஷங்களில் ஊர் திரும்பி, உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் படித்து, தான் சொல்லச் சொல்ல இன்னொருத்தி எழுத, எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அது 1960.

ஜூன் மாதம் ஒருநாள் காலையில் அப்பாவும் மகளும் டவுன் பஸ் ஏறி, ஊரின் மேற்குக் கோடியில் இருந்த பெண்கள் கல்லூரிக்குப் போனார்கள். பி.யு.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்புக்கான விண்ணப்பத்தைப் பள்ளி டீச்சர் ஒருவரே நிரப்பிக் கொடுத்திருந்தார். ஆபீஸ் ஜன்னலில் நீட்டிவிட்டு வரவேண்டியதுதான் பாக்கி.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் நஞ்சுண்டன். அட்மிஷன் வேலை முழுக்க அவர் கையில். அழகான கையெழுத்து, அவசரப்படாத பேச்சு, விதி என்றால் விதி. அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குது. இங்க ஒரு கையெழுத்துப் போடு அம்மணி" என்றார்.

வெங்கடலட்சுமி பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தாள். நடுவில் நீளமாக வெட்டுவிட்ட அட்டை. அதைத் தாளின்மேல் வைத்து, வெட்டின இடத்துக்குள் எழுதினால் கையெழுத்துக் கோணாது. அட்டையை வைத்துவிட்டுக் கேட்டாள்: "கையெழுத்துக்கு மேல என்னங்க அச்சடிச்சிருக்குது?"

"பின்னால இருக்கற விதிகளைப் படிச்சுப் புரிஞ்சுகிட்டேன்னு போட்டிருக்குது."

"நான் படிக்கலீங்களே."

நஞ்சுண்டன் சிரித்தார். "ஒருத்தருந்தான் படிக்கறதில்லை. சம்பிரதாயத்துக்குப் போடறது."

"அவங்க படிக்க முடிஞ்சும் படிக்காம போடறாங்க, அது அவங்க பாடுங்க. எனக்கு யாராச்சும் படிச்சுக் காட்டினாப் போட்டுத் தர்றேனுங்க."

பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சீனிவாசலு மகளின் முழங்கையைத் தொட்டு, போட்டுவிடு என்று தெலுங்கில் முணுமுணுத்தார். அவள் அட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஜன்னல் சாத்தினப்புறம் வாங்க" என்றார் நஞ்சுண்டன், கொஞ்சம் கடுப்போடு. போய்விடுவாள் என்றுதான் நினைத்தார். மதியம் ஜன்னலைச் சாத்திவிட்டு டிபன் கேரியரோடு வெளியே வந்தபோது, இருவரும் வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு அவரும் உட்கார்ந்தார்.

பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்த விதிகளை வேகவேகமாக வாசிக்க ஆரம்பித்தார். அவள் இடையிடையே நிறுத்தினாள். லீவு எடுத்தால் யாரிடம் சொல்ல வேண்டும், நடுவில் நின்றுவிட்டால் கட்டின பணம் திரும்பி வருமா என்று கேட்டாள். சீனிவாசலுவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்காக நஞ்சுண்டன் ஒவ்வொன்றையும் தமிழிலும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு சுவாரஸ்யம் வந்துவிட்டது. வருஷா வருஷம் அச்சகத்துக்கு அனுப்பி வாங்கி அடுக்கி வைக்கிற தாள். வாய்விட்டு வாசிப்பது இதுதான் முதல் தடவை.

பாதிக்கு மேல் வந்தபோது அவர் குரல் நின்றது.

"ஏனுங்க, நிறுத்திப்போட்டீங்க?"

"பக்கம் திருப்பறேன்."

"தாள் சத்தம் கேக்கலீங்களே."

நஞ்சுண்டன் வாசித்தார். வகுப்புகளைப் பின்பற்ற இடையூறான உடற்குறை உடையவர்கள் சேர்க்கைக்குத் தகுதியற்றவர்கள். தமிழில் சொல்லும்போது அவர் சீனிவாசலுவின் முகத்தைப் பார்க்கவில்லை.

சீனிவாசலு எழுந்துவிட்டார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "வாம்மா, போலாம்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் வெங்கடலட்சுமியைச் சுட்டது. இப்படி ஒன்று இருக்கும் என்று எதிர்பார்த்தே வந்த மனிதரின் குரல் அது.

"இருங்க நாயனா" என்றாள் அப்பாவிடம். பிறகு நஞ்சுண்டன் பக்கம் திரும்பி, "கண்ணு தெரியாதவங்க வரக்கூடாதுன்னு அதுல இல்லீங்களே? இடைஞ்சலா இருக்கற குறைன்னுதானே இருக்குது? இடைஞ்சலா இல்லையான்னு யாருங்க சொல்லோணும்?"

நஞ்சுண்டன் தாளை இன்னொரு தடவை பார்த்தார். "பிரின்சிபால் சொல்லோணும்."

"அப்ப அவங்களைப் பார்த்துப்போட்டு வாரேனுங்க."

நஞ்சுண்டனே அவர்களை மாடிக்குக் கூட்டிப் போனார். பிரின்சிபால் பாலக்காட்டுப் பக்கத்து அம்மையார், சரித்திரம் கற்பித்தவர். இரண்டு பக்கமும் பேசி முடித்ததைக் கேட்டுவிட்டு, "வகுப்பில் குறிப்பு எப்படி எடுப்பாய்?" என்றார். வெங்கடலட்சுமி பைக்குள்ளிருந்து பிரெய்ல் பலகையையும் குத்தூசியையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். பிரின்சிபால் கைக்கு எட்டின புத்தகத்திலிருந்து ஒரு பத்தியைச் சொல்ல, அவள் டக்டக்கென்று புள்ளி குத்தினாள். பிறகு தாளைத் திருப்பி விரலை ஓட்டி அப்படியே படித்துக் காட்டினாள்.

"நீ மனப்பாடமாகச் சொல்கிறாயா, படிக்கிறாயா என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பிரின்சிபால்.

"பரீட்சையில ரெண்டுக்கும் மார்க்கு ஒண்ணுதானுங்களே."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சீனிவாசலுவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

ஆனால் எல்லாம் சிரிப்பில் முடியவில்லை. வெங்கடலட்சுமி கேட்டது கணக்குப் பாடம். கரும்பலகையில் போடும் கணக்கை நீ பார்க்க முடியாது, அதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கும் தெரியாது என்று பிரின்சிபால் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சரித்திரம் எடு, அதுவும் முதல் பருவம் எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் நிரந்தரம். மற்றப் பெண்கள் யாருக்கும் இல்லாத அந்த நிபந்தனை அவளுக்கு வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. அன்றைக்குத் தலையை ஆட்டினாள். கணக்கு கிடைக்காத குறை அவளுக்குக் கடைசிவரை உண்டு.

கீழே வந்ததும் நஞ்சுண்டன் விண்ணப்பத்தை எடுத்தார். 'படித்து' என்ற சொல்லை ஒரே கோட்டில் அடித்து, மேலே தன் அழகான கையெழுத்தில் 'படிக்கக் கேட்டு' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அவள் அட்டையை வைக்கப் போனபோது, "இரு அம்மணி. திருத்தத்துக்குப் பிரின்சிபால் இனிஷியல் வேணும்" என்று சொல்லி, தாளோடு மறுபடியும் மாடிப்படி ஏறினார். அதை வாங்கி வந்த பிறகுதான் கையெழுத்து. அப்புறம்தான் அவருக்கு டிபன் கேரியர் ஞாபகம் வந்தது.

நான்கு வருஷத்தில் பி.யு.சி.யும் பி.ஏ.வும் முடிந்தன. வகுப்புத் தோழிகள் மாற்றி மாற்றிப் பாடம் வாசித்துக் காட்டினார்கள். பதிலுக்கு அவள் அவர்களுக்குப் போரும் உடன்படிக்கையுமாக வருஷங்களை ஒப்பிப்பாள். 1964இல் அதே கல்லூரி ஆபீசில் டைப்பிஸ்ட் ஒருத்தி கல்யாணமாகிப் போய்விட, அந்த இடத்தில் வெங்கடலட்சுமியைத் தற்காலிகமாக வைத்துக்கொண்டார்கள். அவளை எடுக்கச் சொல்லிப் பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்தவர் நஞ்சுண்டன்தான்.

அந்த மே மாதம் அட்மிஷன் சமயத்தில், ஜன்னலில் நடப்பதெல்லாம் அவள் மேசையில் உட்கார்ந்தபடியே காதில் விழுந்தது. அன்னூரிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்த விவசாயிகள், "ஏனுங்க சாமி, இதுல என்னங்க போட்டிருக்குது?" என்று கேட்டார்கள். நஞ்சுண்டன், "பூர்த்தி பண்ணிக் கொண்டாங்க" என்றார். யாரிடமோ கெஞ்சி நிரப்பி வந்தால் தப்பாக நிரப்பியிருக்கிறது என்று திருப்பினார். கை நடுக்கம் உள்ள ஒரு பெண்ணின் எழுத்து, தாளில் அச்சடித்த கட்டத்தை விட்டு வெளியே போய்விட்டதென்று அவளை மறுபடி எழுதச் சொன்னார். அந்தப் பெண் இரண்டாவது தாளையும் கெடுத்துவிட்டு அழுதாள். அந்த அழுகை வெங்கடலட்சுமியை டைப் அடிக்கவிடவில்லை.

சாயங்காலம் அவள் நஞ்சுண்டனிடம் போய், "நாளைக்கு என் மேசையை வராந்தாவுல போட்டுக் குடுங்க. விதியும் கேள்வியும் பிரெய்ல்ல குத்தி வெச்சிருக்கறேனுங்க. வர்றவங்களுக்கு நான் படிச்சுச் சொல்றேன், அவங்க சொல்றதை நான் டைப் அடிச்சுத் தர்றேன்" என்றாள்.

"அச்சடிச்ச கட்டத்துக்குள்ள உன்னால எப்படி அடிக்க முடியும்?"

"கட்டம் எதுக்குங்க? கேள்விக்கெல்லாம் நம்பர் இருக்குதல்லங்க. வெள்ளைத் தாள்ல நம்பரைப் போட்டு நேரா பதிலை அடிச்சுப்போட்டா, ஃபாரத்தோட சேர்த்துக் கோத்துக்கலாம். எழுதினாலும் அப்படியே எழுதிக்கட்டும். கை நடுங்கினா எழுத்துக் கொஞ்சம் பெருசா விழும், அவ்வளவுதானுங்களே."

நஞ்சுண்டன் யோசித்தார். "மேசையைப் போட்டா ஆளாளுக்குக் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டுமுங்க. நானும் கேட்டவதானே?"

மறுநாள் அவள் வந்தபோது மேசை வராந்தாவில் இருந்தது. வெயில் படாமல் தூண் ஓரமாகப் போட்டு, எதிரில் இரண்டு நாற்காலியும் போட்டிருந்தார் நஞ்சுண்டன். அதோடு நிற்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, விதிகளையும் கேள்விகளையும் தமிழில் ஸ்டென்சிலில் எழுதி, காலையில் ஆபீஸ் ரோனியோ மெஷினில் பிரதிகள் எடுத்து அடுக்கியிருந்தார். "எழுத்தைப் பெருசா எழுதியிருக்கறேன். வயசானவங்களுக்கும் தெரியோணுமல்ல" என்றார்.

கண் தெரியாதவர்களுக்கும் கை விளங்காதவர்களுக்கும்தான் அந்த மேசை என்று வெங்கடலட்சுமி நினைத்திருந்தாள். வந்தவர்களில் பெரும்பாலோர் கண்ணும் கையும் நன்றாக உள்ள தகப்பன்மார்களும் தாய்மார்களும்தான். சின்னாத்தாள் என்று ஒரு அம்மாள், அவிநாசிப் பக்கம், மகள் விண்ணப்பத்தில் பெற்றோர் இடத்தில் பெருவிரல் ரேகை வைக்க வந்தவர், முழுவதையும் வாசிக்கக் கேட்டுவிட்டு, "இத்தனை காயிதத்துல ரேகை வெச்சிருக்கறனே கண்ணு, ஒருத்தரும் இப்படிப் படிச்சுச் சொன்னதில்லையே" என்றார். சொல்லிவிட்டு, லீவு விதியை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அறுவடைக்கு மகளைக் கூப்பிட முடியுமா என்பது அவர் கவலை.

அந்த உடற்குறை விதி மட்டும் அப்படியே இருந்தது. அதை வாசிக்கும்போது எதிரில் இருப்பவர்கள் சங்கடப்பட்டு இருமுவார்கள். அடுத்த வருஷம் விண்ணப்பத்தின் அச்சுப் பிழை திருத்த வந்த தாளை நஞ்சுண்டன் வாசிக்க, அவள் மூலப் பிரதியோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அது பிரெய்லில் இருந்தது. அந்த இடம் வந்ததும் இருவரும் நிறுத்திவிட்டார்கள்.

"இதை நானா எடுக்க முடியாது. காலேஜ் கமிட்டிதான் எடுக்கோணும்" என்றார் நஞ்சுண்டன்.

"கமிட்டிக்கு எழுதிக் குடுக்க முடியுமுங்களே. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கறேன்."

பிரின்சிபால் அதைக் கமிட்டிக்கு எடுத்துப் போனார். ஆய்வகத்தில் ஆசிட் கொட்டிக்கொண்டால் யார் பொறுப்பு என்று ஒரு உறுப்பினர் வெகுநேரம் வாதாடினார். முடிவில் விதி முழுசாகப் போகவில்லை. ரசாயனப் பிரிவுக்கு மட்டும் என்று சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. அதற்குப் பதிலாக முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியம் வந்தது: விண்ணப்பத்தைப் படிக்கவோ நிரப்பவோ உதவி வேண்டுவோர் ஆபீஸில் கேட்கலாம். உறுதிமொழியிலும் 'படித்து அல்லது படிக்கக் கேட்டு' என்று அச்சேறியது. இனி யாரும் அடித்துத் திருத்தி மாடிப்படி ஏறி இனிஷியல் வாங்க வேண்டியதில்லை. ரசாயனம் பாக்கி இருக்கிறதே என்று வெங்கடலட்சுமி சொன்னபோது, "ஒவ்வொண்ணாத்தான் அம்மணி" என்றார் நஞ்சுண்டன்.

1966இல் சாயிரா பானு வந்தாள். கோட்டைமேட்டுப் பெண். பத்து வயதில் டைபாய்டு வந்து காது முழுக்கப் போய்விட்டது. பேச்சு மட்டும் போகவில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் சத்தமாகப் பேசுவாள். கூட வந்த அவள் அண்ணன், கண் தெரியாதவளின் முன்னால் காது கேட்காத தங்கையை உட்கார வைக்க வேண்டியிருக்கிறதே என்று திகைத்து நின்றான்.

வெங்கடலட்சுமி டைப்ரைட்டரில் தாளைச் செருகி, ஆங்கிலத்தில் முதல் கேள்வியை அடித்துத் தாளைத் தூக்கிவிட்டாள். சாயிரா பானு குனிந்து படித்துவிட்டுப் பதிலை வாயால் சொன்னாள். வெங்கடலட்சுமி அதைக் கேட்டு அடித்தாள். அடுத்த கேள்வி. அடுத்த பதில். ஒருத்தி அடிக்க ஒருத்தி படித்தாள். ஒருத்தி சொல்ல ஒருத்தி கேட்டாள். அண்ணனுக்கு நடுவில் வேலையே இல்லை. குடும்ப வருமானம் எவ்வளவு என்ற கேள்விக்கு அவள் சொன்ன பதில் கல்லூரி கேட் வரைக்கும் கேட்டது. அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"மெதுவா" என்று அடித்துக் காட்டினாள் வெங்கடலட்சுமி.

"மெதுவாத்தானே சொன்னேன்!" என்று சாயிரா பானு இன்னும் உரக்கச் சொல்ல, வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று டைப் அடித்துக் காட்டியதும் அவளும் சிரித்தாள்.

நேர்முகத் தேர்வு வாய்மொழியாக இருந்ததே, அது ஒரு சிக்கல். அன்றே வெங்கடலட்சுமி பிரின்சிபாலிடம் போனாள். அந்த அம்மையாருக்கு இப்போதெல்லாம் அவள் நடையின் சத்தமே விஷயத்தைச் சொல்லிவிடும். "இன்றைக்கு எந்த விதி?" என்றார். கேள்விகளைத் தாளில் எழுதித் தருவதென்று ஏற்பாடாயிற்று. சாயிரா பானுவுக்கு இடம் கிடைத்தது. மத்தியான இடைவேளைகளில் இரண்டு பேரும் டைப்ரைட்டரை நடுவில் வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். கல்லூரியில் ரகசியம் எதுவும் அதற்குப் பிறகு ரகசியமாக இருந்ததில்லை. பாதி அரட்டை ஊருக்கே கேட்கும்.

அந்த வராந்தா மேசைக்குத்தான் பாலகோபாலும் வந்தான். சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தவன். தங்கை ராமாமணிக்கு விண்ணப்பம் வாங்க வந்தான். வரிசை முடியும்வரை ஓரமாக நின்று, அவள் ஒவ்வொருத்தருக்கும் சலிக்காமல் வாசித்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். தன் முறை வந்தபோது தனக்கும் முழுக்க வாசிக்கச் சொன்னான். பாதியில் ராமாமணி, "எங்கண்ணனுக்கு நல்லாவே இங்கிலீஷ் படிக்கத் தெரியுமுங்க" என்று போட்டு உடைத்துவிட்டாள்.

"தெரிஞ்சா என்னங்க, கேட்டா நல்லாப் புரியுது" என்றான் அவன்.

வெங்கடலட்சுமி மீதியையும் வாசித்து முடித்தாள். கொஞ்சம் நிதானமாகவே வாசித்ததாக ராமாமணி பிற்பாடு சொல்வாள்.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது அவன் வீட்டில் அம்மாவுக்குத் தயக்கம் இருந்தது. கண் தெரியாத மருமகள் அடுப்படியில் எப்படிப் புழங்குவாள் என்பதுதான் கேள்வி. அந்த அம்மாள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சீனிவாசலு வீட்டுக்கு வந்தார். வெங்கடலட்சுமி காபி கலந்து கொண்டுவந்து, நீட்டிய கைக்குச் சரியாகக் கொடுத்தாள். "சர்க்கரை மட்டும் தூக்கல்" என்று அந்த அம்மாள் சொன்னதே சம்மதமாகிவிட்டது. 1967இல் கல்யாணம். அதே வருஷம் ஆபீசில் வேலை நிரந்தரமாயிற்று. இரண்டில் எதற்கு அதிகம் சந்தோஷப்பட்டார் என்று சீனிவாசலுவைக் கேட்டால், மனிதர் மூக்குப்பொடி டப்பாவைத் தேடுவார்.

பட்டறைக்குப் பின்னாலேயே அவர்கள் வீடு. பகலெல்லாம் மோட்டார்களின் இரைச்சல். எந்த மோட்டார் சரியாகவில்லை என்று அவள் உள்ளே இருந்தபடியே சொல்வதுண்டு. பாதி தடவை அது தப்பாகவும் இருக்கும். மே மாதம் பிறந்துவிட்டால் முதல் பஸ்ஸிலேயே அவள் கல்லூரிக்குப் போயாக வேண்டும். அந்த மாதம் முழுக்கச் சமையல் பாலகோபால் பொறுப்பு.

அப்படி ஒரு மே மாதக் காலையில் அவன் அவசர அவசரமாக ரசம் வைத்து, சோறு போட்டுக் கொடுத்தான். அவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, ரசத்துல உப்புப் போட்டீங்களா?"

"போட்டேனே."

"எந்த ரசத்துலங்க?"

அவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தான். பிறகு உப்பு ஜாடியைத் தேடப் போனான். தெருமுனையில் பஸ் திரும்புகிற சத்தம் கேட்டது. வெங்கடலட்சுமி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டாள். "மீதி ரசத்தைச் சாயங்காலம் சாப்பிட்டுக்கறேனுங்க, உப்புப் போட்டு வையுங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.